கோச் போனால் அணி போகுமா? லிவர்பூலில் ஆரம்பித்துக் கோவையில் மாட்டிக்கொண்ட இழை

1 மே 2025, வாசகர் கேள்வி

கோச் க்ளாப் போனதோடு இங்கிலாந்தின் லிவர்பூல் ஃபுட்பால் அணி கதை முடிந்தது என்று போன வருஷம் எழுதினீர்கள். புது கோச் ஸ்லாட் வந்த முதல் சீசனிலேயே லீக் பட்டம். டாட்டன்ஹாமுக்கு 5 கோல் போட்டு முடித்துவிட்டார்கள். அப்படியானால் கோச் என்பவர் ஓரத்தில் நின்று கத்துகிற ஆள், அவ்வளவுதானா?

2 மே 2025

எழுதியது உண்மை. பழைய பதிவை அழிக்கப் பார்த்தேன், மனசு வரவில்லை. கிடக்கட்டும்.

ஆனால் லிவர்பூலில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பாருங்கள். கோச் மாறினார். சட்டை போட்டு இறங்கிய பதினொரு பேர் மாறவில்லை. போன கோடையில் வாங்கி அணிக்குள் கொண்டுவந்த ஒரே ஆள் கியேசா, அவரும் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். நடு மைதானத்துக்கு சுபிமெண்டியைக் கேட்டார்கள், வரமாட்டேன் என்றுவிட்டார். வீட்டிலேயே இருந்த கிராவன்பெர்க்கை ஸ்லாட் கொஞ்சம் பின்னால் இறக்கி ஆடவிட்டார், அது பிரமாதமாக அமைந்தது. சலா, வான் டைக், அலிசன், அலெக்சாண்டர்-அர்னால்ட் எல்லோரும் அதே இடத்தில். போதாததற்கு, க்ளாப் 2024 ஜனவரியிலேயே போகிறேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த ஆளைத் தேட நாலு மாதம் கிடைத்தது.

இதற்கு நேர் எதிர் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து கோச் ஃபெர்குசன் போனது. 2013 மே மாதம், சீசன் முடிய இரண்டே ஆட்டம் இருக்கும்போது அறிவித்தார். அதே கோடையில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டேவிட் கில்லும் கிளம்பினார். வந்த மோயஸ், பழைய உதவி கோச்சுகள் ஃபெலன், மியூலென்ஸ்டீன், கோல்கீப்பர் கோச் ஸ்டீல் மூன்று பேர் இடத்திலும் தன் ஆட்களை வைத்தார். 89 புள்ளியோடு சாம்பியனான அணி அடுத்த வருஷம் 64 புள்ளியோடு ஏழாம் இடம். சீசன் முடியும் முன்பே மோயஸும் வீட்டுக்குப் போனார்.

ஆக என் கட்சி இதுதான்: கோச் மட்டும் போனால் அணி தாங்கும். ஆட்கள் போனால்தான் கெடும்.

3 மே 2025

ஒரே நாளில் மாட்டிக்கொண்டேன். யுனைடெட்டில் 2013-ல் ஆட்கள் எங்கே போனார்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நியாயம்தான். ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றார், ஃபெலாய்னி வந்தார். மற்றபடி அதே அணி. அதே அணிதான் விழுந்தது.

இப்போது யோசித்தால் வித்தியாசம் வயதில் இருக்கிறது. ஃபெர்டினாண்ட், விடிச், எவ்ரா எல்லோரும் முப்பது தாண்டியவர்கள். கிக்ஸுக்கு அந்த நவம்பரில் நாற்பது. ஸ்லாட்டுக்குக் கிடைத்தது குடியிருக்கிற நல்ல வீடு. மோயஸுக்குக் கிடைத்தது வெள்ளையடித்த பழைய வீடு. மழை வரும்வரை ஒழுகுவது தெரியாது.

நேற்றைய கட்சியைத் தற்காலிகமாக வாபஸ் வாங்குகிறேன்.

6 மே 2025

லிவர்பூலின் ரைட் பேக், அதாவது வலது பக்கம் தடுப்பவர், அலெக்சாண்டர்-அர்னால்ட் போகிறேன் என்று நேற்று அறிவித்துவிட்டார். கோப்பை கையில் இருக்கும்போதே. "ஒரு ரைட் பேக் தானே" என்று எழுதியிருந்தவருக்கு: இதைப் பற்றி அப்புறம் பேசுவோம், எனக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு.

10 மே 2025

இங்கிலாந்தை விட்டு நம் பக்கம் வருகிறேன். கோச் மாறாமல், ஆட்களும் பெரும்பாலும் மாறாமல், சாம்பியன் அணி அடுத்த வருஷமே கடைசி இடத்துக்குப் போன கதை நம்மிடமே இருக்கிறது.

சென்னையின் எஃப்சி. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா. கோவையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் போனேன். ஸ்டேடியம் முழுக்க பெங்களூரு ரசிகர்கள், நாங்கள் ஒரு மூலையில். ஒன்பதாவது நிமிடம் சேத்ரி தலையால் முட்டி கோல். எங்களுக்குப் பின்னாலிருந்த போலீஸ்காரர் கூட சிரித்தார். அப்புறம் மெய்ல்சன் ஆல்வெஸ் ஒரு கார்னரில் முட்டினார், இடைவேளைக்குச் சற்று முன் இன்னொரு கார்னரில் முட்டினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. 3-2, இரண்டாவது ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை.

அடுத்த சீசன் அதே ஜான் கிரெகரி. ஜேஜே, தாப்பா, மெய்ல்சன், ரஃபேல், கரண்ஜித் எல்லோரும் இருந்தார்கள். 18 ஆட்டம், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 புள்ளி. பத்து அணியில் பத்தாம் இடம்.

நேரு ஸ்டேடியத்தில் அந்த வருஷம் ஒரு ஆட்டத்துக்குப் போனேன். பெரியமேட்டில் இறங்கி நடக்கும்போது டிக்கெட் விற்கிறவன் "எத்தனை வேணும்ணா?" என்று கேட்கவில்லை. "வாங்கிக்கங்கண்ணா" என்றான்.

யார் போனார்கள்? கேப்டன் செரேனோ போனார். ஸ்லோவேனியாக்காரர் மிஹெலிச் போனார். நம்ம தனபால் கணேஷ் முழங்கால் காயத்தில் சீசன் முழுக்க வெளியே. ஜேஜே முந்தின வருஷம் 9 கோல், அந்த வருஷம் 1. அவ்வளவுதான். மூன்று பேர் போனதற்கு ஒன்பது இடம் இறங்குவார்களா என்றால், இறங்கினார்கள்.

மெய்ல்சனை மட்டும் பார்த்தால் புரியும். அதே ஆள், அதே உயரம், அதே முரட்டுத்தனம். ஆனால் முந்தின வருஷம் அவருக்குப் பக்கத்தில் செரேனோ நின்றார், முன்னால் தனபால் நின்றார். மெய்ல்சன் துணிந்து முன்னால் பாய்ந்தால், விட்ட இடத்தை மற்ற இருவரும் அடைத்துவிடுவார்கள். அடுத்த வருஷம் அவர் அதே மாதிரிதான் பாய்ந்தார். அடைக்க ஆளில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்கள் "மெய்ல்சனுக்கு ஃபார்ம் போய்விட்டது" என்றார்கள்.

11 மே 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ கோச்சுக்கு எதிலும் பங்கில்லை என்கிறீர்களா" என்று முதலில் கேட்டவரே மறுபடி வந்திருக்கிறார். விடமாட்டார் போலிருக்கிறது.

பங்கு உண்டு. அதே சென்னையை வைத்தே சொல்கிறேன். 2019 நவம்பர் கடைசியில், 6 ஆட்டத்துக்குப் பிறகு கிரெகரி விலகினார். ஓவன் கோய்ல் வந்தார். சீசன் நடுவில், ஆள் பெரிதாக மாறாமல், அதே அணி நாலாவது இடம் பிடித்து அரையிறுதிக்குப் போனது. கோவா அணியைச் சென்னையில் 4-1, அங்கே போய் 2-4, மொத்தத்தில் 6-5. அந்த இரண்டாவது ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் வயிறு எப்படிக் கலங்கியது என்று. இறுதி ஆட்டம் மார்ச் 14, கொரோனா காரணமாகக் காலி ஸ்டேடியம். கொல்கத்தாவின் ஏடிகே 3-1 என்று ஜெயித்தது.

கோய்ல் செய்தது என்ன? ஓடவிட்டார். கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், ஷெம்ப்ரி, சாங்தே நாலு பேரையும் முன்னால் விட்டு, பந்து கிடைத்தவுடனே நேராகப் போங்கடா என்றார். வால்ஸ்கிஸ் 15 கோல். பாடம் நடத்துகிற கோச் அல்ல, கட்டை அவிழ்த்துவிடுகிற கோச்.

ஆக: கோச்சும் முக்கியம். என் 2 மே கட்சி இப்போது அதிகாரபூர்வமாகக் காலி.

18 மே 2025

கோய்ல் கதை அங்கே முடியவில்லை. 2020-ல் அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் கூடவே போனார். சென்னை அடுத்த மூன்று சீசன் எட்டு, எட்டு, எட்டாம் இடம். லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் என்று வருஷத்துக்கு ஒரு கோச். அட்டவணையில் எங்களுக்கு யாரோ சீட்டில் துண்டு போட்டு வைத்த மாதிரி அதே எட்டு.

ஜாம்ஷெட்பூர் 2021-22-ல் லீக் ஷீல்டு, அதாவது லீக் அட்டவணையில் முதலிடத்துக்கான பரிசு, வென்றது. இதில் வேடிக்கை, வால்ஸ்கிஸ் அந்த ஜனவரியிலேயே சென்னைக்குத் திரும்பியிருந்தார். அவர் இல்லாமல்தான் ஷீல்டு. காரணம் கிரெக் ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 10 கோல், 10 அசிஸ்ட்.

அப்புறம்? கோய்லும் போனார், ஸ்டூவர்ட்டும் போனார். ஷீல்டு வென்ற அணி அடுத்த சீசன் பத்தாம் இடம். ஸ்டூவர்ட் போய்ச் சேர்ந்த மும்பை 2022-23-ல் ஷீல்டு. அப்புறம் மோகன் பகானுக்குப் போனார், இந்த வருஷம் மோகன் பகான் ஷீல்டு, கோப்பை இரண்டும். இவர் எந்த ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்கிறார் என்று பார்த்தே லீக் முடிவைச் சொல்லிவிடலாம்.

இன்னொன்று. கோய்ல் 2023-ல் சென்னைக்கே திரும்பி வந்தார். முதல் சீசன் ஆறாம் இடம், பிளே-ஆஃப். போன சீசன் பதினொன்று. அதே கோச், அதே ஊர், அதே கத்தல். 2020-ல் இருந்த அந்த நாலு பேர் மட்டும் சேர்ந்து இல்லை.

25 மே 2025

சென்னை பற்றியே பேசுகிறீர்கள், கோவையை மறந்துவிட்டீர்களா என்று ஒரு கோவைக்காரர் எழுதியிருந்தார். மறப்பேனா? எழுத வேண்டும் என்றால் கொஞ்சம் தெம்பு வேண்டும், அதனால் தள்ளிப் போட்டேன். இது நீளமாக வரும்.

சென்னை சிட்டி எஃப்சி. பெயரில் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். வ.உ.சி பூங்கா பக்கத்தில், சுற்றிலும் கடைகள் இருக்கிற அதே ஸ்டேடியம். ஐஎஸ்எல் இல்லாத இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில் 2017-18-ல் பத்து அணியில் எட்டாவது, தப்பிப் பிழைத்ததே பெரிது. அடுத்த வருஷம் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் என்ற கோச் வந்தார். ஸ்பெயினிலிருந்து எஸ்லாவா, நெஸ்டர், சாண்ட்ரோ, பெட்ரோ மான்சி. பெயர் கேட்ட யாருக்கும் அவர்களைத் தெரியாது. அங்கே கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். கூட எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் மாதிரி நம் பையன்கள்.

இந்தியாவில் அதுவரை நான் பார்த்த அணிகள், தடுப்பவன் பந்து கிடைத்தால் வானத்துக்கு அனுப்புவான். இவர்கள் கோல்கீப்பரிடமிருந்தே குட்டிக் குட்டியாகப் பாஸ் செய்து மேலே வந்தார்கள். கேலரியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் முதல் சில ஆட்டங்களில் "அடிச்சு உடுங்கடா, அடிச்சு உடு!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஜனவரி வாக்கில் யாராவது நீளமாக அடித்தால் அவரே "ஏன்டா அவசரம்" என்றார். ஒரு கோச் ஒரு ஊரையே மாற்றுவதை அப்போதுதான் பார்த்தேன்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கடைசி நாள். நமக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. அவர்கள் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு, நாம் இங்கே போன வருஷ சாம்பியன் மினர்வாவோடு. ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். ஆட்டம் ஆரம்பித்து உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் மினர்வா கோல். இடைவேளை வரை 0-1. கடலைப் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு கடலை கூட உரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். இடைவேளைக்குப் பிறகு பெனால்டி, மான்சி. 1-1. அப்புறம் கௌரவ் போரா, கோல் அடிப்பது தொழில் இல்லாத பையன், ஒன்று. கடைசியில் அவனே இன்னொன்று. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, ஆனால் 43-க்கு 42. மான்சிக்கு அந்த சீசன் 21 கோல்.

பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எதுவும் பேசாமல் நின்றார். கடலையை அவரிடம் கொடுத்தேன்.

சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஊரில் எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை.

அப்புறம் ஒவ்வொருத்தராக. எட்வின் சென்னையினுக்கு. நெஸ்டர் ஹைதராபாத்துக்கு. ஒப்பந்தச் சிக்கல், தடை என்று அது ஒரு பெரிய பஞ்சாயத்து. மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானின் ஆல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்கு. அதே மாதம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டம், பஹ்ரைனின் அல்-ரிஃபாவிடம் 0-1. ரொமாரியோ கோவாவுக்கு. அக்பர் நவாஸும் கிளம்பினார். 2021-ல் கொரோனா கூண்டுக்குள் வங்காளத்தில் நடந்த லீக்கில் கீழ்ப் பாதியில் முடித்தார்கள். 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை.

மூன்று வருஷம். பட்டத்திலிருந்து பட்டியலிலேயே இல்லாத நிலைக்கு. இதில் எது முதலில் உடைந்தது என்று கேட்டால், என் கணக்கில் மான்சி இல்லை. நெஸ்டர். மான்சிக்கு எங்கே பந்து வேண்டும் என்று மான்சிக்கே தெரியும் முன் நெஸ்டருக்குத் தெரியும். நெஸ்டர் போன பிறகும் மான்சி கொஞ்ச நாள் கோல் அடித்தார்தான். ஆனால் பந்துக்காகத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். முந்தின வருஷம் அவர் திரும்பிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

26 மே 2025

திருத்தம், நானே எனக்கு. நேற்று எழுதியதை வைத்து "முக்கிய ஆள் போனால் அணி போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். 2017-18-ல் சென்னை சிட்டியின் உயிரே கன்னியாகுமரி கடலோரத்துப் பையன் மைக்கேல் சூசைராஜ்தான். சீசன் முடிந்ததும் அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். ஐயோ போச்சு என்று இதே இடத்தில் புலம்பியவன் நான். அவர் போன அடுத்த வருஷம்தான் சாம்பியன்.

சுமாரான அணியிலிருந்து நல்ல ஆள் போனால், புதிதாகக் கட்ட இடம் கிடைக்கிறது. சாம்பியன் அணியிலிருந்து போனால், கட்டினதில் ஒரு செங்கல் உருவப்படுகிறது. இரண்டும் ஒன்றல்ல. சரி, இதுவும் நாளைக்கு யாராவது உடைப்பீர்கள்.

1 ஜூன் 2025

6 மே அன்று சொல்கிறேன் என்ற சொந்த அனுபவம்.

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டிஸ்பாட்ச்சில் இருந்தேன். கம்பெனிக்கு ஒரு ஃபுட்பால் அணி. நான் ஸ்டாப்பர் பேக், அதாவது நடுவில் தடுப்பவன். 2009-ல் கம்பெனிகளுக்கான ஒரு டோர்னமெண்டில் ஜெயித்தோம். எவர்சில்வர் கோப்பை, ஆளுக்கு ஒரு ஹாட் பாக்ஸ். அந்த ஹாட் பாக்ஸ் இன்றைக்கும் வீட்டில் சப்பாத்தி சுமக்கிறது.

எங்கள் லெஃப்ட் பேக் பவுண்டரியில் மோல்டிங் செக்‌ஷன் ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். வேகம் கிடையாது. இடது காலில் மட்டும்தான் அடிப்பார். அந்த டோர்னமெண்டில் ஒரு கோல் இல்லை, யாராவது ஞாபகம் வைத்திருக்கிற மாதிரி ஒரு தடுப்பு கூட இல்லை. ஆனால் வாய் ஓயாது. "ஆளு, ஆளு!" "திரும்பலாம் தம்பி, நேரம் இருக்குது." "உடு, என்னுது." "வலது பக்கம் ஒருத்தன் சும்மா நிக்கிறான்." தொண்ணூறு நிமிடமும் வானொலி மாதிரி. கடுப்பாகக் கூட இருக்கும்.

அடுத்த வருஷம் அவர் வேலையை விட்டுவிட்டு ஊரில் தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். பதிலுக்கு வந்த பையன் காலேஜ் அணியில் ஆடியவன். இரண்டு காலும் பேசும். ஓட்டம் அப்படி ஒரு ஓட்டம். "இந்த வருஷம் இன்னும் ஸ்ட்ராங்" என்று மேனேஜர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

முதல் ஆட்டமே 0-3. மூன்று கோலும் எனக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில்.

இரண்டாவது கோல் இன்றும் கண்ணில் நிற்கிறது. பந்து உயரமாக என்னைப் பார்த்து வருகிறது. முந்தின வருஷமாக இருந்தால் "உடு" அல்லது "அடி" என்று காதில் விழுந்திருக்கும், கால் தானாக வேலை செய்திருக்கும். இப்போது சத்தமே இல்லை. பையன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கத் தலையைத் திருப்பினேன். அரை நொடி இருக்கும். மறுபடி பந்தைப் பார்க்கும்போது எதிரணி ஆள் என் நெஞ்சுக்கு முன்னால் இருந்தான்.

பையன் மேல் தப்பே இல்லை. அவன் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தான். அது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அண்ணா இருந்த வருஷம் நான் நல்ல ஸ்டாப்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3 ஜூன் 2025

மேலே உள்ளதைப் படித்துவிட்டு அன்றைய கோல்கீப்பர் போன் செய்தான். "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க. கல்யாணம் ஆகி எட்டு கிலோ ஏறியிருந்ததை மட்டும் ஏன் விட்டுட்ட?" என்றான். அதோடு, அந்தப் பையன் கத்திக்கொண்டுதான் இருந்தானாம். மைதானத்துக்குப் பக்கத்தில் கோயில் திருவிழா, மைக் செட் அலறியதில் எனக்குக் கேட்கவில்லையாம்.

பதினைந்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்த கோட்பாட்டுக்கு மைக் செட்காரன் காரணமாக இருக்கலாம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் அண்ணா குரல் எந்த மைக் செட்டையும் தாண்டி வரும். அதில் மாற்றமில்லை.

4 ஜூலை 2025

லிவர்பூல் ஆட்டக்காரர் டியோகோ ஜோட்டா நேற்று கார் விபத்தில் இறந்துவிட்டார். தம்பியும் கூட. இன்றைக்கு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

2 செப்டம்பர் 2025

ரொம்ப நாளாயிற்று. இரண்டு விஷயம்.

ஒன்று, லெவர்குசன். 2023-24-ல் ஜெர்மன் லீக்கை ஒரு தோல்வி கூட இல்லாமல், 28 வெற்றி 6 டிராவில் வென்ற அணி. இந்தக் கோடையில் கோச் அலோன்சோ ரியல் மாட்ரிட்டுக்கு. விர்ட்ஸ், ஃபிரிம்போங் லிவர்பூலுக்கு. யோனதன் தா பேயர்னுக்கு. ஷாக்கா சண்டர்லேண்டுக்கு. கோல்கீப்பர் ஹ்ராடெக்கியும் போய்விட்டார். வந்த புது கோச் டென் ஹாக்கை லீக்கில் இரண்டே ஆட்டத்தில் அனுப்பிவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் தற்காலிக ஆளுக்குக் கூட மூன்று மாதம் கொடுப்பார்கள்.

முதுகெலும்பு மொத்தத்தையும் ஒரே கோடையில் விற்றுவிட்டு, வந்தவரிடம் நடந்து காட்டு என்றால் எப்படி? அவரை அனுப்பியதை ஆதரிக்கிறவர்கள் இருக்கிறீர்கள், தெரியும். பயிற்சியில் பேசவே மாட்டார் என்றார்கள். இருக்கலாம். எனக்கு அவர் மேல் பெரிய பிரியம் எதுவும் கிடையாது.

இரண்டு, லிவர்பூல். விர்ட்ஸ், எகிடிகே, கெர்கெஸ், ஃபிரிம்போங், நேற்று கடைசி நாளில் 12.5 கோடி பவுண்டுக்கு ஈசாக். மொத்தம் 40 கோடி பவுண்டுக்கு மேல். டியாஸ், நூன்யெஸ் போய்விட்டார்கள். எல்லோரும் பட்டம் உறுதி என்கிறார்கள். எனக்கு அந்த டீ ஞாபகம் வருகிறது.

27 நவம்பர் 2025

லிவர்பூல் முதல் ஐந்து லீக் ஆட்டமும் ஜெயித்தபோது என்னைக் கலாய்த்தவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அதில் பாதி கடைசி நிமிட கோலில் வந்தது என்று அப்போதே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. செப்டம்பர் கடைசியிலிருந்து லீக்கில் ஏழு ஆட்டத்தில் ஆறு தோல்வி. போன வாரம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டிலேயே வந்து 3-0. நேற்று ராத்திரி நெதர்லாந்தின் பிஎஸ்வி அங்கேயே 4-1.

அதே ஸ்லாட். போன வருஷம் மேதை, இந்த வருஷம் எப்போது துரத்துவார்கள் என்று கேட்கிறார்கள்.

காரணம் நிறைய இருக்கிறது. ஜோட்டாவின் மரணத்தைக் கணக்கில் சேர்க்காமல் பேசுவது மனிதத்தனமே இல்லை. அந்த உடைமாற்றும் அறையில் என்ன நடக்கிறது என்று நாம் யார் சொல்வதற்கு? ஈசாக் கோடைப் பயிற்சியே இல்லாமல் வந்தார். எல்லாம் உண்டு.

ஆனால் நான் நேற்று ராத்திரி சலாவுக்காக உட்கார்ந்து பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். எட்டு வருஷமாக அவருக்குப் பின்னால் ரைட் பேக்கில் அலெக்சாண்டர்-அர்னால்ட். அவரிடம் பந்து போனால் சலா அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை, ஓட ஆரம்பித்துவிடுவார். பந்து வந்து சேரும். இந்த சீசனில் அவருக்குப் பின்னால் ஃபிரிம்போங், பிராட்லி, காயம் என்றால் சோபோஸ்லாய் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் நல்ல ஆட்டக்காரர்கள்தான். சலா நிற்கிறார், தலையைத் திருப்புகிறார், அப்புறம் ஓடுகிறார்.

அரை நொடிதான். "சலாவுக்கு வயதாகிவிட்டது" என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். 33 ஆகிவிட்டது, அதுவும் பொய்யில்லை. மெய்ல்சனுக்கும் ஃபார்ம் போய்விட்டது என்றுதான் எழுதினார்கள்.

கோச்சா, ஆட்களா என்று மே மாதம் கேட்ட கேள்விக்கு இப்போது என் நிலை: ஒரே கோடையில் எத்தனை ஜோடியைப் பிரித்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன். 2024-ல் லிவர்பூலில் பூஜ்யம். அதனால் புது கோச் வந்தும் தாங்கியது. இந்த வருஷம் வலது பக்கம், இடது பக்கம், முன்வரிசை மூன்றும். அதனால் பழைய கோச் இருந்தும் தாங்கவில்லை. நம் ஊர் அணிகளில் வெளிநாட்டு ஆட்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷ ஒப்பந்தம் போடுகிறார்கள். அதாவது வருஷா வருஷம் எல்லா ஜோடியையும் பிரித்துவிட்டு, எட்டாம் இடம் ஏன் வருகிறது என்று கோச்சை மாற்றுகிறார்கள்.

28 நவம்பர் 2025

"உங்கள் லெஃப்ட் பேக் அண்ணாவை லிவர்பூலுக்கு அனுப்பலாமே" என்று எழுதியவருக்கு: அவருக்கு இப்போது அறுபது ஆகிறது. தென்னை போட்டிருக்கிறார். தீபாவளிக்குப் போன் செய்தேன், பேச்சுவாக்கில் இந்த 0-3 கதையைச் சொன்னேன். "நீ எப்பவுமே பந்தைப் பார்க்க மாட்ட தம்பி, அதனாலதான் நான் கத்தினேன்" என்றார்.

29 நவம்பர் 2025

மே ஒன்றாம் தேதி கேள்வி கேட்டு இத்தனை மாதம் என்னை எழுத வைத்தவர், ஆர்சனல் ரசிகராம். அட்டவணையில் முதலிடத்தில் இருப்பதால் இன்றைக்குத்தான் வாய் திறந்து சொல்கிறார். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன்.